பெயர் மாற்றப்படாத கார்

யாழ்ப்பாணத்துக்கு முதன்முறை வருகிறவர்கள் இரண்டு விடயங்களைக் கண்டு வியப்பதுண்டு. ஒன்று வேலி. மற்றையது கார். வேலிகள் பெரும்பாலும் மதில்களாகிவிட்டன. கார்கள் மட்டும் ஆங்காங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒஸ்ரின் ஏ40 சோமசெற், அதற்கு மூத்த டெவொன், மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ். பிறந்த நாட்டில் காட்சிக்கு வைத்துப் போற்றப்படும் இந்த வண்டிகளில் எங்கள் பக்கத்தில் மரக்கறிக் கூடைகளும் பொம்பிளை மாப்பிள்ளையும் பயணம் செய்தார்கள்.

இவை வந்த காலம் பெரும்பாலும் 1950கள். தென்னிலங்கையோடு நடந்த புகையிலை, சுருட்டு வியாபாரமும், அரசாங்க உத்தியோகத்தர்கள் ஊருக்கு அனுப்பிய மணியோடர்களும் அவற்றைக் கொண்டுவந்தன. சோமசெற் 1952 முதல் 1954 வரை பேர்மிங்ஹாமுக்கு அருகே லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் கட்டப்பட்டது. 1200 சிசி எஞ்சின், ஸ்ரியறிங் தண்டிலேயே கியர், திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து வெளியே நீளும் கைகாட்டி, மூக்கின் மேல் சிறகு விரித்த ஓர் ஆங்கில எழுத்து. அதைச் செய்தவர்கள் பத்துப் பதினைந்து வருடப் பாவனையைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். எழுபது வருடம் கழித்து ஓர் ஆசிரியன் சாவகச்சேரியில் அதன் கீழே படுத்து ரோச் அடித்துப் பார்ப்பான் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இவை பிழைத்துக் கிடந்ததற்கு அன்பு மட்டும் காரணமல்ல. 1990இல் யுத்தம் மறுபடி தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. வானொலி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிய காலம் அது. அப்போது ஓடக்கூடிய கார் எதுவென்றால் பழைய கார்தான். காரணம் எளிது. புதிய எஞ்சின்கள் எரிபொருளைக் கடுமையாக அமுக்கி எரிப்பவை. மண்ணெண்ணெயை அப்படி அமுக்கினால் அது நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினை உதைக்கும். சோமசெற்றின் அமுக்கம் ஏழுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்ததால் அது மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டது. ஆனாலும் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே ஒரு சிறு போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும், சிலிண்டர் தேயும். ஒவ்வொரு ஓட்டமும் எஞ்சினின் ஆயுளில் ஒரு பிடியை அள்ளியது. அதை அறிந்தேதான் ஓட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவளுக்குச் சிலிண்டர்த் தேய்மானத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

நான் ஒரு கிராமப் பாடசாலை ஆசிரியன். ஆசிரிய கலாசாலையில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கப் பயிற்றப்பட்டவன். இயந்திரம் பற்றி எனக்குத் தெரிந்தது பாடப்புத்தகத்தில் உள்ள நாலடிப்பு எஞ்சின் படம் மட்டுமே. நாற்பதைக் கடந்த வயதில் ஒரு சோமசெற் வாங்க வேண்டும் என்ற ஆசை எப்படி வந்ததென்று கேட்டால் நேர்மையான பதில், அது அழகாக இருந்தது என்பதுதான். மற்ற நியாயங்களைப் பிறகுதான் தேடினேன். மனைவி ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டாள். “இரண்டு வருசச் சம்பளத்தைக் குடுத்துக் கவலையை வாங்கப் போறியளோ?”

அந்தக் கேள்வி சரியானதுதான். வீண்செலவு என்ற குற்றச்சாட்டைப் பழம்பொருள் பிரியர்கள் இலேசாகக் கடந்துவிடுகிறார்கள். எங்கள் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் கதவு திறந்தது. இடையில் 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்காக வரிசையில் நின்றோம். இந்தக் காலத்தில் பழைய கார்களின் விலை ஏறியது. பாவனைக்காக ஏறிய விலையோடு ஆடம்பரத்துக்காக ஏறிய விலையும் கலந்துவிட்டது. தெற்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து எங்கள் ஊர்க் கொட்டில்களை எட்டிப் பார்த்தவர்களை நானே கண்டிருக்கிறேன். அவர்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களிடம் காசு கூட, அவ்வளவுதான்.

பழைய காரை வாங்கப் போகிறவனுக்கு ஒரு குரு தேவை. எனக்கு வாய்த்தவர் எழுபது தாண்டிய ஒரு கறாச்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணை. அவர் முதலில் கற்பித்தது எஞ்சினைப் பார்க்காதே என்பது. “எஞ்சின் செய்யலாம் மாஸ்ரர். தகரம் செய்யலாம். சட்டம் போனால் ஒண்டும் செய்யேலாது.” சோமசெற்றுக்கு உடல் வேறு, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் வேறு. மொறிஸ் மைனரில் அப்படியல்ல, உடலே சட்டம். எங்கள் பகுதி கடனீரேரிக்கு அருகில் இருப்பதால் காற்றிலேயே உப்பு. துரு கீழிருந்துதான் ஏறும். அண்ணை சட்டைப் பையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருப்பார். கதவின் கீழ்விளிம்பில் அதை ஒட்டிப் பார்ப்பார். பூசி மினுக்கிய இடத்தில் காந்தம் பிடிக்காமல் விழுந்தால் உள்ளே தகரம் இல்லை, பூச்சுத்தான். ஓர் ஒழுக்கவியல் வகுப்புக்கு அந்தக் காந்தத்தை இரவல் வாங்கலாமென்று நினைத்திருக்கிறேன். இன்னொன்றும் சொன்னார். இந்தக் கார்களில் பற்றறியின் நேர்முனைதான் சட்டத்தோடு இணைந்திருக்கும், இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். புதிதாக வாங்குகிறவர்கள் மாற்றிக் கொடுத்துப் புகையைக் காண்பது வழக்கமாம்.

இடையில் ஒரு விடயம். ஆங்கிலேய ஸ்போட்ஸ் கார்களைப் பற்றிப் பெருமூச்சு விடும் இளைஞர்கள் நம்மிடையேயும் உண்டு. 1955இல் வந்த எம்.ஜி.ஏ என்ற அழகிய இரண்டிருக்கைக் காரின் இதயம், கல்யாண வீட்டுக்கு ஓடிய எங்கள் கேம்பிறிட்ஜின் இதயமேதான். இரண்டிலும் அதே 1489 சிசி எஞ்சின் குடும்பம். மொறிஸ் ஒக்ஸ்போட்டிலிருந்து பிறந்து 2014 வரை இந்தியாவில் உற்பத்தியான அம்பாஸிடரும் அந்த உறவுதான். ஜப்பானின் நிஸான் நிறுவனம் 1952இல் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்து அடுத்த வருடம் முதல் இதே சோமசெற்றைத் தன் நாட்டில் பூட்டிப் பூட்டித்தான் தொழில் கற்றது. ஆகவே எங்கள் ஊர்க் கறாச்களில் ஒஸ்ரினுக்குள் டட்சன் எஞ்சினை இறக்கியவர்களைக் குறை சொல்லாதீர்கள். அது பேரன் தாத்தா வீட்டுக்கு வந்த மாதிரி.

இனித்தான் கேள்வி வருகிறது. பழைய காரைப் பாதுகாப்பது என்றால் எந்தக் காரை? லோங்பிறிட்ஜில் 1953இல் கதவைத் தாண்டி வெளியே வந்த காரையா, 1993இல் சாவகச்சேரிச் சந்தையடியில் மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டு நின்ற காரையா? சேகரிப்பவர்கள் சந்தேகமின்றி முதலாவதைச் சொல்வார்கள். பொருத்தியிருந்த சிறு பெற்றோல் போத்தலின் கொளுவியைக் கழற்றி எறிந்து, ஊர்க் கடைச்சல்காரர் கடைந்த துண்டுகளை அகற்றி, தொழிற்சாலை நிறத்தையே தேடிப் பூசுவார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. லோங்பிறிட்ஜ் அதைச் செய்தது. ஆனால் அதை எழுபது வருடம் கொண்டு நடத்தியது லோங்பிறிட்ஜ் அல்ல. அந்தக் கொளுவியைக் கழற்றுவது ஒரு மனிதனின் முகத்திலுள்ள தழும்பை நீக்கிவிட்டு இதுதான் உண்மையான முகம் என்று சொல்வதற்கு ஒப்பாகும். பிறேக் மட்டும் விதிவிலக்கு. பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் ஒழுங்கையில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த பிறேக் எனக்கு வேண்டாம்.

பாகங்கள் எல்லாம் மாறிய பின்னும் அது அதே பொருள்தானா என்ற கேள்வி பழையது. கிரேக்கத்தில் தீசியஸின் கப்பலை வைத்துத் தத்துவவாதிகள் வாதிட்டதைப் புளூட்டாக் எழுதியிருக்கிறார். இஸ்லாமியச் சிந்தனையில் அஷ்அரி மரபினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பொருளின் பண்புகள் எவையும் இரண்டு கணம் நிலைப்பதில்லை, இறைவன் கணந்தோறும் அவற்றைப் புதிதாகப் படைக்கிறான் என்றார்கள். அப்படியானால் நிலைத்திருப்பது பொருளின் சொந்த வல்லமை அல்ல, ஒவ்வொரு கணமும் கிடைக்கும் அருள். யாழ்ப்பாணத்தானுக்கு இதை விளங்கப்படுத்தக் கப்பல் தேவையில்லை. கிடுகு வேலி போதும். வருடா வருடம் கிடுகு மாறும், கட்டும் ஓலை மாறும், பட்ட கதியாலுக்குப் பதில் புதுக் கதியால் வரும். ஆனாலும் அது பாட்டன் காலத்து வேலி. ஏனென்றால் வேலி என்பது கிடுகு அல்ல, அது நிற்கும் கோடு.

இதையெல்லாம் நான் வகுப்பறைச் சுவாரசியமாகத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணை ஒரு கார் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லி என்னைக் கூட்டிப்போன பிறகு அது சுவாரசியமாக இருக்கவில்லை.

சாவகச்சேரிக்குச் சற்று வெளியே ஒரு வளவு. மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஓலைத் தாழ்வாரம், அதன் கீழ் சோமசெற். சட்டம் நல்லது. அண்ணையின் காந்தம் அநேக இடத்தில் பிடித்தது. வீட்டுக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், நல்ல மனிதர், தேத்தண்ணீர் தந்தார். வாகனப் புத்தகத்தைக் கேட்டேன். நைந்த ஒரு புத்தகத்தைத் துணியில் சுற்றியபடி கொண்டுவந்தார். கடைசியாகப் பதியப்பட்டிருந்த உரிமையாளரின் பெயர் அவருடையதோ அவருடைய தகப்பனாருடையதோ அல்ல. சாவகச்சேரியில் வியாபாரம் செய்த ஒரு முஸ்லிமின் பெயர்.

வாகனம் வாங்கி விற்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒப்பமிட்ட வெறும் படிவத்தோடு ஐந்தாறு கை மாறிய வாகனங்கள் நாட்டில் ஏராளம். எங்கள் பக்கத்தில் அதற்கு மேலாக யுத்தம். 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குள் வந்தது. 2000இல் சாவகச்சேரி நகரமே தரைமட்டமாகித் தென்மராட்சி வெளியேறியது. பத்திரங்களைத் தொலைக்காத குடும்பம் இல்லை. ஆனால் இந்தப் புத்தகம் தொலையவில்லை. அதுதான் சிக்கல். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகர மக்களுக்கு மாதக் கடைசியில் இரண்டு மணித்தியால அவகாசம் கிடைத்தது. சாவகச்சேரி மக்கள் அதற்கு முன்பே, மாத நடுப்பகுதியிலேயே அனுப்பப்பட்டுவிட்டார்கள். இந்த இதழின் வாசகர்களுக்கு நான் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

“விலைக்கு வாங்கினதோ?” என்று கேட்டேன். வீட்டுக்காரர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வியாபாரி புறப்படுவதற்கு முன்னர் தன் தகப்பனாரிடம் காரைக் கொண்டுவந்து விட்டு, “வச்சிருங்கோ, வந்து எடுக்கிறன்” என்று சொன்னாராம். அவர் வரவில்லை. தகப்பனார் 2004இல் இறந்துவிட்டார்.

அமானிதம் என்ற சொல் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஒப்படைக்கப்பட்டதை ஒப்படைத்தவரிடம் திருப்பிக் கொடுப்பது. அமானிதப் பொருளை வைத்திருப்பவர் அதைத் தன் தேவைக்குப் பயன்படுத்தலாமா, பயன்படுத்திச் சேதமானால் யார் பொறுப்பு என்றெல்லாம் மார்க்க அறிஞர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். அந்தத் துறைக்குள் போக எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒப்படைக்கப்பட்டது ஒரு நகையோ பணமுடிப்போ ஆனால் கதை நேரானது. பூட்டி வைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். கார் அப்படியல்ல. ஓடாத கார் செத்துவிடும். சிலிண்டரில் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும், பிறேக் இறுகும், எலி வயரைத் தின்னும். தகப்பனார் அதை அப்படியே மூடி வைத்திருந்தால் இன்று துருக் குவியல்தான் மிஞ்சியிருக்கும். அவர் ஓட்டினார். தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாடகைக்கு ஓட்டினார். நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றினார், காசும் வாங்கினார், அந்தக் காசில் தன் பிள்ளைகளை வளர்த்தார். 2000இல் அதே காரில்தான் அந்தக் குடும்பம் வடமராட்சிக்குத் தப்பியது. அமானிதத்தை மீறியதால்தான் அமானிதம் பிழைத்தது என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வாதத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதில்தான் எனக்கும் வீட்டுக்காரருக்கும் கருத்து வேறுபட்டது.

“அவையின்ரை கார் எண்டு சொல்ல இதிலை என்ன மாஸ்ரர் கிடக்கு? எஞ்சின் ரண்டுதரம் எங்கடை காசிலை செய்தது. தகரம் எங்கடை. சீற் எங்கடை. ரயர் எத்தினை சோடி மாத்தியாச்சு. அவை தந்தது அப்பவே முடிஞ்சு போச்சு.”

தீசியஸின் கப்பல் தேநீர்க் கோப்பையோடு என் முன்னால் வந்து நின்றது இப்படித்தான். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. தன் உழைப்பைக் கலந்த பொருளில் மனிதனுக்கு உரிமை உண்டென்று ஆங்கிலத் தத்துவவாதி ஜோன் லொக் எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான். ஆனால் லொக் பேசியது யாருக்கும் சொந்தமில்லாதிருந்த பொருளைப் பற்றி. இங்கே சொந்தக்காரர் இருந்தார். அவர் விட்டுவிட்டுப் போகவில்லை, போகச் செய்யப்பட்டார். பக்கத்து வளவுக்காரன் ஊரில் இல்லாதபோது முப்பது வருடம் அவனுடைய வேலியை நான் அடைத்தேன் என்று வைத்துக்கொள்வோம். கிடுகுக்காசைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. கூலியும் கேட்கலாம். காணியைக் கேட்க முடியுமா? யாழ்ப்பாணத்து நீதிமன்றங்கள் பல தலைமுறையாக இந்தக் கேள்வியில்தான் உயிர் வாழ்ந்தன.

சட்டம் இதற்கு முழுப்பதில் தரவில்லை. காணியைப் பத்து வருடம் எதிரிடையாக ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது எங்கள் நாட்டின் பழைய விதி. யுத்தத்தால் தம் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களை இந்த விதி தண்டிப்பது அநியாயம் என்று உணர்ந்து 2016இல் ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அது கருத்தில் எடுத்தது. ஆனால் அது அசையாச் சொத்துக்கு. கார் அசையும் பொருள். கொட்டிலில் முப்பது வருடம் அசையாமல் நின்றாலும் சட்டத்தின் கண்ணில் அது அசையும் பொருள்தான்.

பாதுகாத்தவருடைய பங்கைக் குறைத்து மதிப்பதும் சரியல்ல. இங்கிலாந்தில் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்துக் கொடுத்த சாள்ஸ் வெயார் என்பவர், காரை வாங்கி எறியும் பொருளாக அல்லாமல் செப்பனிட்டுச் செப்பனிட்டு ஒரு வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கும் பொருளாகக் கருத வேண்டும் என்று வாதாடினார். 1990களில் எங்கள் நாட்டுக் காலியில் அதற்கான தகரப் பாகங்களைச் செய்யும் ஒரு தொழிற்கூடம் தொடங்கவும் காரணமானார். இலங்கைக் கைகள் அடித்த தகரம் இங்கிலாந்துக் கார்களை வாழவைத்தது. அதே காலத்தில் வடக்கில் ஒரு மனிதர் பாகமும் இல்லாமல், பெற்றோலும் இல்லாமல், இன்னொருவருடைய காரை ஓட வைத்துக்கொண்டிருந்தார். அவர் புத்தகம் எழுதவில்லை. எனக்கு இருவரும் ஒரே வகுப்பு மாணவர்கள்தான்.

வியாபாரியின் குடும்பத்தைத் தேடுவதென்று முடிவு செய்தேன். அண்ணைக்கு இது பிடிக்கவில்லை. “கிணறு தோண்டப் போய்ப் பூதம் கிளப்பாதையுங்கோ” என்றார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தடுக்கவுமில்லை. அவருக்கும் அந்தப் பெயர் முப்பது வருடமாக ஏதோ செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் 2000இல் குண்டுகளுக்கு நடுவே ஓடும்போது அந்தப் புத்தகத்தை ஏன் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்?

தேடுவது கடினமாக இருக்கவில்லை. வடக்கிலிருந்து போனவர்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில்தான் குடியேறினார்கள். சாவகச்சேரி என்றதும் ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். வியாபாரி காலமாகிவிட்டார், அவருடைய மனைவியும் இல்லை. மூத்த மகன் புத்தளத்தில் சிறு கடை வைத்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “வாப்பாட கார் இன்னும் இருக்கா?” என்று கேட்டார். அது வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். காசு? அதுவும் வேண்டாம் என்றார். “வச்சிருந்த மனிசன் நல்லாயிருக்கட்டும். வீட்டைத்தான் ஒருத்தரும் வச்சிருந்து தரேல்ல.”

இங்கேயே முடித்திருந்தால் எனக்கும் வசதி, கட்டுரைக்கும் அழகு. ஆனால் அவர் மன்னித்துவிட்டதனால் விடயம் முடியவில்லை. எனக்குத் தெரிந்த சட்டத்தரணி சொன்னபடி வாரிசுகள் எல்லோரும் ஒப்பமிட வேண்டும். பிள்ளைகள் ஐவர், இரண்டு ஆண், மூன்று பெண். பங்கு ஏழு. நீர்கொழும்பில் இருக்கும் ஒரு தங்கை, காக்கா எப்படி எங்கள் பங்கையும் சேர்த்து விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டார். அகதி முகாமில் வளர்ந்து, படிப்பை இடையில் விட்டவர் அவர். அவருடைய கேள்வியில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. தாராளம் என்பது தன்னுடையதைக் கொடுப்பது. பக்கத்திலிருப்பவருடையதைக் கொடுப்பதற்கு வேறு பெயர்.

இப்போது உள்ள ஏற்பாடு இது. சந்தை விலையை அண்ணையும் புத்தளத்தார் நம்பும் ஒருவரும் சேர்ந்து மதித்தார்கள். வீட்டுக்காரர் செய்த செலவு நினைவிலிருந்தும் சில பழைய துண்டுகளிலிருந்தும் கணக்கிடப்பட்டது. அவர் வாடகைக்கு ஓட்டிச் சம்பாதித்ததைக் கழிக்க வேண்டுமா என்பதில் இரண்டு மாதம் இழுபட்டது. நான் கழிக்கக்கூடாது என்ற பக்கம் நின்றேன். அந்த ஓட்டமே பராமரிப்பின் ஒரு பகுதி என்பது என் வாதம். தங்கை அதை ஏற்கவில்லை. ஆனால் தகப்பனார் 1990இல் தங்கள் குடும்பத்தைக் கொண்டுபோய் விட்டவர் என்று மூத்தவர் சொன்னதும் அந்த விவாதத்தை விட்டுவிட்டார். செலவு போக மிகுதி ஏழாகப் பிரியும். மூத்தவர் தன் இரண்டு பங்கையும் தங்கைமாருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்று ஒப்பம் வந்துவிட்டது. லண்டனில் இருக்கும் தம்பியுடையதும் கடைசித் தங்கையுடையதும் மிச்சம். கார் இன்னும் அந்தத் தாழ்வாரத்தின் கீழேதான் நிற்கிறது. நான் ஒரு சதமும் கொடுக்கவில்லை, திறப்பும் வாங்கவில்லை. எஞ்சின் இறுகாமல் இருக்கச் சனிக்கிழமைகளில் போய் முன்பக்கத்துக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றிவிட்டு வருகிறேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எத்தனை சுற்று என்று எண்ணுவார். இருபதுக்கு மேல் வேண்டாம் என்பார்.